அசோஸ்பைரில்லம் பாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கோபக்கார விஞ்ஞானி: யார் இந்த பெய்யரிங்க்? மண் பாக்டீரியாவுக்கு எதற்கு மரபணுக் கைரேகை?

வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போனால் அலமாரியில் அடுக்கி வைத்திருப்பார்கள். அசோஸ்பைரில்லம், ரைசோபியம், சூடோமோனாஸ். கரும்பழுப்பு நிறப் பொடி, பிளாஸ்டிக் பாக்கெட். விதையோடு அரிசிக் கஞ்சி சேர்த்துக் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்வார்கள். நம்மூர் விவசாயிகளுக்கு இது பழகிப்போன வேலை.

அந்தப் பொடிக்குள் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. பயிருக்குச் சத்து கொடுக்கும், நோயிலிருந்தும் காக்கும். சரி, பாக்கெட்டில் எழுதியிருக்கும் பாக்டீரியாதான் உள்ளே இருக்கிறதா? மண்ணில் போட்ட பிறகு அதுதான் வேலை செய்கிறதா, இல்லை அங்கே ஏற்கெனவே இருந்த வேறொன்றா? கண்ணால் பார்த்தும் சொல்ல முடியாது, மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் சொல்ல முடியாது. அதற்குத்தான் இன்று மரபணுக் கைரேகை எடுக்கிறார்கள்.

இந்தக் கேள்வி எங்கிருந்து தொடங்கியது என்று தேடிப்போனால், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் வாழ்ந்த ஒரு கோபக்காரப் பேராசிரியரிடம் போய் நிற்கிறோம். பெயர் மார்ட்டினஸ் வில்லெம் பெய்யரிங்க். மேலே சொன்ன மூன்று பாக்கெட்டுகளில் இரண்டு அவர் கைப்பட வளர்த்த உயிர்களின் வம்சம்.

புகையிலை வியாபாரியின் மகன்

1851 மார்ச் 16-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார் பெய்யரிங்க். அப்பா டெர்க், புகையிலை வியாபாரம் செய்தவர். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே வியாபாரம் நொடித்துப்போனது. குடும்பம் நார்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர, அப்பா ரயில்வே குமாஸ்தா ஆனார். பள்ளிக்கு அனுப்பப் பணம் இல்லாததால் தொடக்கப் பாடமெல்லாம் வீட்டில் அப்பாவிடமே. (புகையிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.)

பிறகு ஹார்லம் ஊரில் உயர்நிலைப் பள்ளி. அங்கேதான் செடிகள் மேல் பைத்தியம் பிடித்தது. காடு மேடெல்லாம் அலைந்து செடிகளைச் சேகரித்தார். ஆனால் வசதியில்லாத வீட்டுப் பையன் தாவரவியல் படித்து என்ன வேலைக்குப் போவது? மாமாவோ சித்தப்பாவோ கைகொடுத்தால்தான் படிப்பே என்ற நிலைமை நமக்குத் தெரியாததா? உறவினர் ஒருவர் செலவை ஏற்க, டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கில் வேதியியல் பொறியியல் சேர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர் வான்ட் ஹாஃப். பின்னாளில், 1901-ல், வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை வாங்கியவர் அவர்தான். நண்பர்கள் இருவரும் தங்கிய அறையிலேயே சோதனைகள் செய்து பார்த்த காலம் அது.

1872-ல் பட்டம். அதன்பின் பிழைப்புக்காக வாத்தியார் வேலை. கடைசியாக வாகெனிங்கன் வேளாண் பள்ளியில் வந்து நின்றார். இடையில் செடிகளில் வரும் முடிச்சுகளை ஆராய்ந்து 1877-ல் முனைவர் பட்டமும் வாங்கினார். பூச்சி முட்டை வைத்தால் இலையிலும் தண்டிலும் வீங்கி வருமே, அந்த முடிச்சுகள்தான்.

வகுப்பறையில் அவருக்குப் பெரிய பெயர் இல்லை. பொறுமை குறைவு, சட்டென்று கோபம் வரும். மாணவர்களைக் கடுமையாகத் திட்டுவார். விஞ்ஞானி கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. கடைசிவரை தானும் செய்துகொள்ளவில்லை, சகோதரிகளோடுதான் வாழ்ந்தார். அதில் ஹென்ரியட் என்பவர் அவருடைய வகுப்புகளுக்காகப் பெரிய பெரிய சுவர்ப் படங்கள் வரைந்து கொடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் டெல்ஃப்டில் இருக்கின்றன. அழகு என்றால் அப்படியொரு அழகு. இவரைப் பற்றிய கட்டுரைகளில் அந்தச் சகோதரிகளுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

ஈஸ்ட் ஆலையில் அவரைக்காய் சோதனை

1885-ல் திருப்பம். டெல்ஃப்டில் இருந்த ஈஸ்ட் மற்றும் சாராய ஆலை, தன் ஆய்வகத்துக்கு அவரை எடுத்துக்கொண்டது. தனியார் ஆலை, ஆனால் சொந்த ஆராய்ச்சிக்கும் இடம் கொடுத்தது. அவருடைய பெரிய கண்டுபிடிப்பு ஒன்று அங்கேதான் நடந்தது.

அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளைக் குடைந்துகொண்டிருந்த விஷயம் இது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பயிருக்கு நைட்ரஜன் அவசியம், ஆனால் காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளப் பயிரால் முடியாது. பட்டாணி, அவரை, உளுந்து மாதிரி பயறு வகைகள் மட்டும் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. அவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுகளுக்கும் காற்று நைட்ரஜனுக்கும் தொடர்பு இருப்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிரூபித்திருந்தார்கள். உள்ளே இருக்கும் உயிர் எது என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது.

பெய்யரிங்க் பயறுச் செடியின் இலையைக் கொதிக்கவைத்துக் கஷாயம் எடுத்தார். அதோடு கொஞ்சம் சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்து, முடிச்சுக்குள் இருந்த சாற்றை அதன் மேல் தடவினார். பாக்டீரியா தனியே வளர்ந்தது. 1888-ல் அதை உலகத்துக்கு அறிவித்தார். 1890-ல் அந்தச் சுத்தமான பாக்டீரியாவை அவரை நாற்றுகளுக்குக் கொடுத்து, வேரில் முடிச்சு வருவதையும் காட்டினார். நாம் ரைசோபியம் என்று சொல்வது இதைத்தான். அவர் வைத்த பெயர் வேறு: பேசில்லஸ் ராடிசிகோலா, அதாவது வேரில் குடியிருக்கும் பேசில்லஸ். தமிழ் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நம்ம ஆட்களாக இருந்தால் வேர்வாழி என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

இங்கே அவருக்கு ஒரு சிக்கல். பட்டாணி முடிச்சில் எடுத்ததும், அவரை முடிச்சில் எடுத்ததும், குளோவர் முடிச்சில் எடுத்ததும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் நடத்தை ஒன்றாக இல்லை. எல்லாம் ஒரே இனம், உள்ளே சில வகைகள் என்று வைத்துக்கொண்டார். அதற்கு மேல் பிரித்துப் பார்க்க அவரிடம் கருவி இல்லை.

அரிசி போடாத பந்தி

1895-ல் டெல்ஃப்ட் பாலிடெக்னிக்கே அவரைப் பேராசிரியராக்கியது. ஆய்வகமும் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே அவர் பட்டை தீட்டிய உத்தியை உலகெங்கும் நுண்ணுயிரியல் மாணவர்கள் இன்றும் முதல் வருடத்திலேயே செய்து பார்க்கிறார்கள்.

ஒரு கல்யாணப் பந்தி. சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் எல்லாம் உண்டு, சோறு மட்டும் கிடையாது. யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்? வீட்டிலிருந்தே சோறு கட்டிக்கொண்டு வந்தவர்கள் மட்டும்தான். மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பெய்யரிங்க் குடுவையில் செய்தது இதைத்தான். குழாய்த் தண்ணீர், மானிட்டால் என்ற சர்க்கரைப் பொருள், கொஞ்சம் பாஸ்பேட் உப்பு. நைட்ரஜன் உப்பு மட்டும் சேர்க்கவில்லை. அதில் ஒரு சிட்டிகை தோட்டத்து மண். காற்று நன்றாகப் படும்படி மெல்லிய அடுக்காக ஊற்றி, கதகதப்பான இடத்தில் வைத்துவிட்டார். சில நாட்களில் தண்ணீர் மேல் ஏடு கட்டியது. நைட்ரஜன் இல்லாத இடத்தில் ஏடு கட்ட வேண்டுமென்றால், காற்றிலிருந்து தானே நைட்ரஜன் பிடிக்கத் தெரிந்த உயிராக இருக்க வேண்டும். 1901-ல் அதற்கு அசோட்டோபாக்டர் என்று பெயர் வைத்தார். இதுவும் இன்று நம்மூரில் பாக்கெட்டில் கிடைக்கிறது.

மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க முடியாது. ஒரு வேலையைச் சொல்லி, அந்த வேலை தெரிந்தவன் மட்டும் பிழைக்கிற மாதிரி சூழலை அமைத்தால் அவனே முன்னால் வருவான். எளிமையான யோசனைதான், ஆனால் அபாரமானது. அதே சமயம் அதன் எல்லையும் அங்கேயே இருக்கிறது. இந்தக் குடுவை என்ன வேலை தெரியும் என்று சொல்லும். யார் செய்கிறார்கள் என்று சொல்லாது.

புகையிலை மறுபடி வருகிறது

வாகெனிங்கனில் பெய்யரிங்கோடு வேலை பார்த்தவர் அடால்ஃப் மேயர். நெதர்லாந்துப் புகையிலைத் தோட்டங்களில் இலையெல்லாம் தேமலாகிப் பயிர் வீணாகும் நோய் ஒன்று இருந்தது. மொசைக் நோய் என்று பெயர் வைத்தவர் மேயர்தான். நோய்ச் செடியின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால் அதற்கும் தொற்றியது. எந்தக் கிருமி? பெய்யரிங்க் அப்போதே தேடினார், கிடைக்கவில்லை.

பத்து வருடத்துக்கும் மேல் கழித்து, சொந்த ஆய்வகம் வந்ததும் மறுபடி அதைக் கையில் எடுத்தார். நோய்ச் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா எதுவும் தாண்ட முடியாத வடிகட்டி அது. ஆனால் வடிந்து வந்த சாறும் செடியைத் தாக்கியது. அதோடு, அந்தச் சாறு உயிருள்ள செடிக்குள் மட்டுமே பெருகியது, வெளியே பெருகவில்லை. 1898-ல் அவர் வந்த முடிவு, இது பாக்டீரியா இல்லை, உயிருள்ள திரவத் தொற்று, ஒரு வைரஸ் என்பது. வைரஸ் என்ற சொல்லை இப்போது நாம் பயன்படுத்தும் அர்த்தத்துக்கு நகர்த்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி 1892-லேயே இதே வடிகட்டிச் சோதனையைச் செய்திருந்தார். அது தெரியவந்ததும் பெய்யரிங்க் மறுக்கவில்லை, முதலில் செய்தவர் அவர்தான் என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு முரட்டுக் குணம் உள்ள மனிதரிடம் எதிர்பார்க்காத நேர்மை. திரவம் என்று அவர் சொன்னது பின்னாளில் தவறாகிப்போனது. 1935-ல் அமெரிக்காவின் ஸ்டான்லி அந்த வைரஸைப் படிகமாகவே பிரித்துக் காட்டினார். அதைப் பார்க்க பெய்யரிங்க் உயிரோடு இல்லை.

கைரேகை எப்படி எடுக்கிறார்கள்?

அவர் விட்டுப்போன கேள்விக்கு வருவோம். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பாக்டீரியாக்களை எப்படிப் பிரிப்பது?

1984-ல் இங்கிலாந்தின் அலெக் ஜெஃப்ரிஸ் மனிதர்களுக்கு டிஎன்ஏ கைரேகை கண்டுபிடித்தார். போலீஸ், கோர்ட் செய்திகளில் தினமும் பார்க்கிறோம். பாக்டீரியாவுக்கும் அதே மாதிரி ஒன்று 1991-ல் வந்தது. பாக்டீரியாவின் டிஎன்ஏ-வில் சில குறுந்தொடர்கள் திரும்பத் திரும்ப வரும், பாட்டில் பல்லவி வருவது மாதிரி. ஒரு பல்லவிக்கும் அடுத்த பல்லவிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது ஒவ்வொரு பாக்டீரியா வம்சத்திலும் மாறும். பிசிஆர் மூலம் (ஆமாம், கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பிசிஆர்) அந்த இடைவெளித் துண்டுகளை லட்சக்கணக்கில் நகல் எடுக்கிறார்கள். பிறகு ஜெல்லில் ஓடவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் சின்னத் துண்டுகள் வேகமாகவும் பெரிய துண்டுகள் மெதுவாகவும் நகரும். கடைசியில் கிடைப்பது கோடு கோடாக ஒரு பார்கோடு. அதுதான் கைரேகை.

இப்போது பாக்கெட்டில் இருக்கும் பாக்டீரியாவின் பார்கோடையும், அறுவடை நேரத்தில் வேரில் எடுத்த பாக்டீரியாவின் பார்கோடையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொருந்தினால், நாம் போட்டதுதான் பிழைத்திருக்கிறது. பொருந்தாவிட்டால் உள்ளூர் ஆட்கள் அதைத் துரத்திவிட்டார்கள் என்று அர்த்தம். ரைசோபியம் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கிறது. வெளியிலிருந்து போட்ட நல்ல ரகத்தை, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சுமாரான ரகம் முந்திக்கொண்டு முடிச்சுக்குள் போய் உட்கார்ந்துவிடும். விவசாயி போட்ட காசு வீண்.

கோதுமை வயலின் காவல்காரன்

பயிர்ப் பாதுகாப்பில் இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் கோதுமையின் வேரழுகல் நோய். டேக்-ஆல் என்பார்கள், ஒரு பூஞ்சையால் வருவது. ஒரே வயலில் வருடா வருடம் கோதுமையே போட்டால் முதலில் நோய் கடுமையாகும். ஆனால் விடாமல் தொடர்ந்து கோதுமையே போட்டால், சில வருடங்களில் நோய் தானாகவே அடங்கிவிடும். மருந்து எதுவும் அடிக்காமலே!

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் நெதர்லாந்திலும் இப்படிப்பட்ட வயல்களைத் தோண்டிப் பார்த்தார்கள். வேரில் சூடோமோனாஸ் குவிந்திருந்தது. பூஞ்சையைக் கொல்லும் ஒரு பொருளை அது சுரக்கிறது. ஒரு கிராம் வேருக்குச் சுமார் 1 லட்சம் என்ற அளவில் அது இருந்தால் நோய் அடங்குகிறது.

கைரேகை எடுத்தபோதுதான் உண்மையான சங்கதி தெரிந்தது. ஒரே மருந்தைச் சுரக்கும் சூடோமோனாஸ்களிலேயே பல ரகங்கள். சில ரகங்களை மண்ணில் கொஞ்சமாகப் போட்டாலே போதும், கோதுமை வேரைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த பயிர்களிலும் நின்றன. சில ரகங்கள் அதே மருந்தைச் சுரந்தும் நிலைக்காமல் தேய்ந்துபோயின. அமெரிக்க வயலில் கோலோச்சிய ரகம் ஒன்று, நெதர்லாந்து வயலில் கோலோச்சியது வேறு. பெய்யரிங்கின் குடுவை இரண்டுக்கும் ஒரே மார்க்தான் போட்டிருக்கும்.

ஆகவே சூடோமோனாஸ் பாக்கெட் வாங்கும்போது அந்தப் பெயர் மட்டும் போதாது. எந்த ரகம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நியூசிலாந்தில் ஒரு ஆச்சரியம்

சரி, கைரேகை வந்துவிட்டது, இனி யார் வேலை செய்கிறார்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தால், அங்கேயும் மண் ஒரு வேடிக்கை காட்டியது. நியூசிலாந்தில் ஒரு வயலில் லோட்டஸ் என்ற தீவனப் பயறுச் செடியைப் போட்டார்கள். (நம்ம தாமரை இல்லை.) அந்த மண்ணில் அதற்கு ஏற்ற முடிச்சுப் பாக்டீரியா கிடையாது என்பதால் ஒரே ஒரு ரகத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து விதையோடு கலந்து விதைத்தார்கள். ஏழு வருடம் கழித்து முடிச்சுகளைத் திறந்து டிஎன்ஏ கைரேகை பார்த்தார்கள். எல்லாம் அந்த ஒரே ரகமாகத்தானே இருக்க வேண்டும்?

பல முடிச்சுகளில் கைரேகை பொருந்தவே இல்லை. உள்ளே இருந்தவை அந்த மண்ணின் பழைய பாக்டீரியாக்கள், முன்பு முடிச்சுப் போடவே தெரியாதவை. புதிதாக வந்த ரகம், முடிச்சுப் போட்டு நைட்ரஜன் பிடிக்கும் மொத்த வித்தையையும் சுமார் 5 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரே டிஎன்ஏ துண்டாக அவற்றுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. 1995-லும் 1998-லும் இந்த முடிவுகள் வெளிவந்தன.

ஆள் வேறு, தொழில் வேறு. தொழில் ஆள் விட்டு ஆள் மாறுகிறது. தொழிலை வைத்துப் பெயர் சூட்டிய பெய்யரிங்க் பாதி சரி, ஆளை வைத்து அடையாளம் பார்க்கும் கைரேகையும் பாதி சரி. அதனால் இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள்: ஆளுக்கு ஒரு கைரேகை, தொழில் மரபணுவுக்குத் தனியாக ஒரு சோதனை.

கடைசி வருடங்கள்

பெய்யரிங்குக்கு 1905-ல் லேவன்ஹூக் பதக்கம் கிடைத்தது. நுண்ணுயிரியலில் அது மிகப் பெரிய மரியாதை. நோபல் கிடைக்கவில்லை. 1921-ல் 70 வயது நிரம்பியதும் ஓய்வு. ஆய்வகத்தை விட மனமில்லாமல்தான் விட்டார். சகோதரிகளோடு கோர்செல் என்ற கிராமத்தில் குடியேறினார். டெல்ஃப்டில் அவர் இடத்துக்கு வந்த க்ளூய்வர், அந்த ஆய்வகத்தை உலகப் புகழ்பெற்ற பள்ளியாக வளர்த்தெடுத்தார்.

ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. 1925-ல், 74 வயதில், சுருள் வடிவப் பாக்டீரியா ஒன்றைப் பற்றி எழுதினார். உள்ளே கொழுப்புத் துளிகள் மினுங்கும் அதற்கு ஸ்பைரில்லம் லிப்போஃபெரம் என்று பெயரிட்டார். நைட்ரஜன் பிடிக்கும்போலிருக்கிறது என்றார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1931 ஜனவரி 1-ஆம் தேதி அவர் இறந்தார்.

1970-களில் பிரேசிலில் யோஹன்னா டோபராய்னர் என்ற பெண் விஞ்ஞானி புல் வகைகளின் வேரில் அதையே மறுபடி கண்டெடுத்தார். புல் குடும்பம் என்றால் நெல், சோளம், கம்பு எல்லாம் அதில் அடக்கம். 1978-ல் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள்: அசோஸ்பைரில்லம். நம்மூர் வேளாண் விரிவாக்க மையத்து அலமாரியில் இருப்பது அந்தக் குடும்பம்தான்.

1950-ல் இன்னொரு நைட்ரஜன் பாக்டீரியாக் குடும்பத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருந்தார்கள், பெய்யரிங்கியா என்று. வெப்பமண்டலத்தின் புளிப்பு மண்ணில் வாழ்வது. அதன் முதல் இனத்தின் பெயர் பெய்யரிங்கியா இண்டிகா. அதை முதலில் பிரித்தெடுத்தது இந்திய மண்ணிலிருந்து.